நியாயமான கூடுதல் நேரம்

பிளம்ஸ்டெட் கடைகளில் அநியாயம் என்று ஒன்று கிடையாது. இதை நான் சொல்லவில்லை. கடையின் பின்பக்கத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். வாளி, போர்வை, மடக்கு நாற்காலி, எலி மருந்து, ரோஜாச் செடி என்று எல்லாம் விற்கும் கடைகள், நாடு முழுக்க நூற்றுப் பதினான்கு. அத்தனையிலும் அதே இடத்தில் அதே சட்டம். சிட்னியில் தலைமை அலுவலகத்தின் ஏழாவது மாடி முழுக்க நியாயத்துறைதான். அங்கே பத்தொன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் நியாயம் பார்த்து முடித்தபின் டப்போ ஊரில் இருக்கும் எங்கள் கடையில் மிஞ்சியது ஒரு மேலாளரும், மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் மணிக்கணக்கு ஆட்கள் நான்கு பேரும்.

அந்த நான்கில் நான் ஒருத்தி. பெயர் டெல்மா. செடிப் பகுதி என்னுடையது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன், செத்தவற்றை எடுத்துப் போடுவேன், ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போவேன். இந்தக் கதையில் எனக்கு அதற்கு மேல் பெருமை கிடையாது.

மேலாளர் நோலீன் கார்மடி. ஐம்பத்தாறு வயது. இருபத்தொரு வருஷமாக இதே கடையின் சிமெண்டுத் தரையில் நடந்து நடந்து அவளுடைய வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. நடந்தால் நறநறவென்று சத்தம் வரும். அவள் எந்த வரிசையில் வருகிறாள் என்று அந்தச் சத்தத்தை வைத்தே நாங்கள் சொல்லிவிடுவோம். ஏணியில் ஏறும்போது மட்டும் சத்தம் வராது, அவள் முகம் வெளுக்கும்.

ஜூலை கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சைக்காகப் பதினான்கு மாதம் வரிசையில் காத்திருந்தவளுக்கு முறை வந்துவிட்டது. ஆகஸ்டு பதினாறு, வியாழக்கிழமை, காலை ஏழு மணி. வராவிட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நோலீன் அதை மூன்று முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அடிக்கடி பையைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்றே எங்கள் வட்டார மேலாளர் பிரென்டன் ஆஷ்வர்த்துக்குப் போன் போட்டாள். கை நிறைய அட்டைப்பெட்டி இருந்ததால் போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூட்டு ஆபரேஷனா? அடப் பாவமே. ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது பிரென்டன். பதினாறாம் தேதி லீவு வேணும். அப்புறம் ஆறு வாரம் ஓய்வு. நோய் லீவுல போட்டுக்கறேன்."

"அங்கதான் சிக்கல் நோலீன். நோய்னா திடீர்னு வரணும். யாருக்காவது தேதி சொல்லிட்டு நோய் வருமா? நீங்க மணி முதக்கொண்டு சொல்றீங்க. கம்பெனி பார்வையில அது நோயில்ல, நிகழ்ச்சி."

"சரி, வருஷ லீவு ஒன்பது வாரம் சேர்ந்து கிடக்கு. அதுல எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்கங்க. உங்க உரிமை அது. உங்க இடத்துல நிக்கறதுக்கு நம்ம வட்டாரத்துல இன்னொரு மேனேஜரை மட்டும் நீங்களே பிடிச்சுக் குடுத்துடுங்க. அவரு வாரம் முப்பத்தெட்டு மணிக்கு மேல வேலை செய்யாதவரா இருக்கணும். இல்லேன்னா அவருக்கு நாம அநியாயம் பண்ணினதா ஆயிடும், பாருங்க."

வட்டாரத்தில் அவளைத் தவிரப் பதினோரு மேலாளர்கள். நோலீன் பதினோரு பேரையும் கூப்பிட்டாள். டாம்வர்த் ஊர்க் கடை மேலாளர் கேள்வியைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, போனை யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள். பாதர்ஸ்ட் கடை மேலாளர், "நானே உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன். எனக்குக் குடலிறக்கம். நீ வந்து நிப்பியா?" என்று கேட்டார். மற்ற ஒன்பது பேரும் அறுபது மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்பவர்கள். முப்பத்தெட்டு மணி மேலாளர் என்று ஒருவரை அவர்கள் யாருமே பார்த்ததில்லை.

ஆனால் தலைமை அலுவலகக் கணக்கில் பன்னிரண்டு பேருமே முப்பத்தெட்டு மணிதான். அந்த அதிசயத்தைச் சொல்லியாக வேண்டும்.

மேலாளர்களின் ஒப்பந்தத்தில், வாரம் முப்பத்தெட்டு மணி நேரமும் 'நியாயமான கூடுதல் நேரமும்' வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. எவ்வளவு கூடுதல் என்று இல்லை. எண்ணைப் போட்டால் எல்லை வைத்தது போலாகிவிடும், அது மேலாளரின் ஆர்வத்தை அவமதிப்பது என்று நியாயத்துறை விளக்கம் தந்தது. மணி நேரத்தைப் பதிவதற்கு 'சமன்' என்று ஒரு மென்பொருள். முப்பத்தெட்டாவது மணி முடிந்ததும் திரையில் ஒரு பச்சை இலை வரும், கீழே 'நிறைவான வாரம், வாழ்த்துகள்' என்று வரும், பிறகு பதிவு மூடிக்கொள்ளும். நோலீனுக்கு அந்த இலை வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகும் ஞாயிறு வரை அவள் கடையில்தான் இருப்பாள். சமனைப் பொறுத்தவரை இருக்க மாட்டாள்.

மார்ச் மாதம் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு இதைக் கண்டுபிடித்துவிட்டது. நோலீன் அதிகம் உழைக்கிறாள் என்பதை அல்ல. வியாழன் முதல் ஞாயிறு வரை, வேலைப் பதிவு இல்லாத ஒரு பெண் டப்போ கடையின் கிடங்குக்குள் நடமாடுகிறாள் என்பதை. கால் சற்று இழுத்து நடப்பாள் என்று அடையாளம் வேறு எழுதியிருந்தார்கள். ஒரு வாரம் விசாரணை நடந்தது. முடிவில் நியாயத்துறை ஒரு வழி சொன்னது: முப்பத்தெட்டு மணி முடிந்த மேலாளர் 'பார்வையாளர்' அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், பார்வையாளர் ஏட்டில் எழுத வேண்டும், கடை மேலாளர் கூடவே வர வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு வியாழனும் நோலீன் ஏட்டில் எழுதினாள். பார்வையாளர்: நோலீன் கார்மடி. உடன் வருபவர்: நோலீன் கார்மடி. வந்த நோக்கம் என்ற கட்டத்தில் முதல் வாரம், 'லாரியிலிருந்து சரக்கு இறக்க' என்று உண்மையை எழுதினாள். பார்வையாளர்கள் பாரம் தூக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து 'சுற்றிப் பார்க்க' என்று எழுதிவிட்டுச் சரக்கை இறக்கினாள்.

ஏப்ரலில் மேலாளர்கள் சிலர் வேலைப்பளு தாங்கவில்லை என்று முணுமுணுத்தது ஏழாவது மாடிக்கு எட்டியது. நியாயத்துறை பதறிப்போய் உடனே செயலில் இறங்கியது. பளுவை அளக்காமல் எப்படிக் குறைப்பது? ஒவ்வொரு மேலாளரும் தினமும் 'பளு நாட்குறிப்பு' எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதினோரு பக்கம். எத்தனை முறை குனிந்தீர்கள், குனியும்போது மனநிலை எப்படி இருந்தது, அந்த வேலையை வேறு யாராவது செய்திருக்க முடியுமா, முடியுமென்றால் நீங்கள் ஏன் அவர்களை ஊக்குவிக்கவில்லை. எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்த ஒன்றரை மணியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நோலீன் கேட்டு எழுதினாள். நாட்குறிப்பு எழுதுவது வேலையல்ல, தன்னை அறிதல் என்று பதில் வந்தது.

நாட்குறிப்புகளை ஆராய்ந்ததில் டப்போ மேலாளரின் பதிவு நேரம் ஒரு வாரம்கூட முப்பத்தெட்டைத் தாண்டியதில்லை என்று தெரிந்தது. 'ஆண்டின் சமநிலை மேலாளர்' விருது நோலீனுக்கு வந்தது. விருது என்றால் ஆறடிப் பதாகை. அதில் அவள் முகம், பக்கத்தில் அந்தப் பச்சை இலை. வாசலுக்கு மேலே பன்னிரண்டடி உயரத்தில் கடை மேலாளரே மாட்ட வேண்டும் என்று குறிப்பு இருந்தது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கி வந்து நோலீன் கால்மணி நேரம் உரமூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தொட்டியைப் போட்டு உடைத்தேன். அதற்கும் அவள்தான் சேதப் படிவம் எழுத வேண்டியிருந்தது.

ஆகஸ்டு பதினான்கு, செவ்வாய்க்கிழமை, நியாயத்துறைத் தலைவி சஸ்கியா விண்டில் எங்கள் கடைக்கே நேரில் வந்தார். நியாய வாரம் கொண்டாடுகிறார்களாம். பிரென்டனும் கூட வந்தார். லாமிங்டன் கேக் கொண்டுவந்தார்கள், மேலாளர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று. மணிக்கணக்கு ஆட்களுக்குக் கேக் கொடுத்தால் சாப்பிடும் நேரத்தையும் வேலை நேரமாகப் பதிய வேண்டும் என்பதால் எங்களுக்கு இல்லை. நாங்கள் நின்று கைதட்டினோம். அதற்குப் பதிவு உண்டு.

சஸ்கியா நல்ல பெண்மணி. குரலில் தேன். நோலீனின் தோளில் கை வைத்துக்கொண்டே பேசினார்.

"நியாயம்னா என்ன? எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தறது. போன வருஷம் இந்தக் கடையில ஆறு ஆள் இருந்தாங்க, பாதர்ஸ்ட்ல நாலு ஆள்தான். பாதர்ஸ்ட் மேனேஜர் ரொம்ப மனசு நொந்து எங்களுக்கு எழுதினாரு. எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல. மறுநாளே இங்கயும் ரெண்டு ஆளைக் குறைச்சிட்டோம். இன்னிக்கு அவருக்கு எந்தக் குறையும் இல்ல. ஒரு மேனேஜருக்கு மட்டும் வேலை அதிகமா இருந்தா அது கொடுமை. அதனாலதான் எல்லாருக்கும் அதிகமாக்கினோம். எங்க துறையில பத்தொன்பது பேரு இதுக்காக உழைக்கிறோம். நாலரை மணிக்கு விளக்கை அணைக்கிற வரைக்கும் உங்க நினைப்புத்தான் எங்களுக்கு."

பிரென்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாமிங்டனின் தேங்காய்த்தூள் பட்டிருக்கலாம்.

"ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார் சஸ்கியா.

நோலீன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். "நாளை மறுநாள் எனக்கு மூட்டு ஆபரேஷன். பதினோரு பேரைக் கேட்டுட்டேன். யாரும் இல்ல. நான் போகணும்."

சஸ்கியா கடிதத்தைப் படித்தார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "கண்டிப்பா நீங்க போகணும் நோலீன். உடம்புதான் முக்கியம். ஆனா யோசிச்சுப் பாருங்க. குடலிறக்கத்தோட ஒருத்தர் பாதர்ஸ்ட்ல நின்னுகிட்டிருக்காரு. உங்களை மட்டும் விட்டா அவருக்கு எப்படி இருக்கும்? அவரு முகத்தை நான் எப்படிப் பாக்கறது?"

"அவரையும் விடுங்களேன்."

"ரெண்டு பேரை விட்டா மத்த பத்துப் பேருக்கு அநியாயம். நீங்க வரிசையில கடைசிக்குப் போனாலும் வரிசையிலதானே இருக்கீங்க? உங்க முறை திரும்ப வரும். அதுக்குள்ள ஒரு முப்பத்தெட்டு மணி மேனேஜரை நாங்க கண்டுபிடிச்சிடுவோம்." கடிதத்தை அழகாக மடித்து நோலீனின் பையில் அவரே திரும்ப வைத்தார். பிறகு பதாகையின் கீழ் இருவரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் புதன்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன், நோலீன் செடிப் பகுதிக்கு வந்து ஒரு தொட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலேன்னு சொல்லப் போறேன் டெல்மா."

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு உன்னைக் கார்ல கூட்டிட்டுப் போறதுக்காக நான் வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் வர மாட்டேன்னு போட்டு வச்சிருக்கேன்."

"யார்கிட்ட கேட்ட?"

"யார்கிட்ட கேக்கணும்? நான் மணிக்கணக்கு ஆளு. போன்ல ஷிப்ட் பட்டியல் வரும், வர முடியாத நாளுக்கு நேரா ஒரு தட்டுத் தட்டினா சரி. காரணம்கூடக் கேக்க மாட்டாங்க. போன மாசம் மீன் பிடிக்கப் போறதுக்கு நாலு நாள் தட்டினேனே, நீதானே எனக்குப் பதிலா இங்க தண்ணி ஊத்தின?"

நோலீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு அவள் எழுந்து, நறநறவென்று நடந்து, அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்பெனிக்கு நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம் உண்டு. அதை வருஷா வருஷம் படித்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுவது மேலாளர்களின் கடமை. எல்லோரும் கையெழுத்து மட்டும் போடுவார்கள். நோலீன் படித்தும் தொலைத்திருந்தாள். அதில் ஒரு விதி: பதவியிலிருந்து கீழே இறக்கப்படுபவருக்கு முன்னறிவிப்புக் காலம் கிடையாது, அந்த நிமிடமே அமலுக்கு வரும். யாரையாவது மட்டம் தட்ட நினைத்தால் கம்பெனி நான்கு வாரம் காத்திருக்கலாகாது என்று அவர்களே எழுதி வைத்தது. இன்னொரு விதி: கடை ஊழியர் எவரையும் மணிக்கணக்கு வேலைக்கு மாற்ற அந்தக் கடையின் மேலாளர் கையெழுத்துப் போதும். ஒரு மேலாளர் தன்னையே இறக்கிக்கொள்வார் என்று ஏழாவது மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே ஏறுவது ஒன்றைத் தவிர வேறு யோசனை இருந்தவர்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

எட்டே முக்காலுக்கு நோலீன் கையெழுத்துப் போட்டாள். விண்ணப்பித்தவர் இடத்தில் ஒன்று, ஒப்புதல் அளிப்பவர் இடத்தில் ஒன்று. படுத்திருக்கப்போகும் ஆறு வாரத்துக்கு மணிக்கணக்கு ஆளுக்கு ஒரு காசு வராது என்பது அவளுக்குத் தெரியும். சேர்ந்து கிடக்கும் ஒன்பது வார விடுப்புக்குக் கணக்குத் தீர்த்துத் தருவார்கள், அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தாள். இருபத்தொரு வருஷ மேலாளர் பதவி எட்டே முக்காலோடு முடிந்தது. அப்புறம் அவள் போனை எடுத்து, நாளை தொடங்கி ஆறு வாரத்துக்கு ஒவ்வொரு நாளாகத் தட்டினாள். கடைசி நாள் வரை தட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

ஒன்பது மணிக்குப் பிரென்டன் ஓடி வந்தார். நல்லவேளை, இரவு ஊரிலேயே மோட்டலில் தங்கியிருந்தார். சமன் அவருக்குச் சிவப்பு இலை அனுப்பியிருந்தது.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இப்ப இந்தக் கடைக்கு யாரு மேனேஜர்?"

"யாரும் இல்ல," என்றாள் நோலீன். "மேனேஜர் இல்லாத கடையை வட்டார மேனேஜர்தான் நடத்தணும். இருநூத்தி ஆறாம் பக்கம். இந்தாங்க சாவி. பத்து மணிக்கு லாரி வரும்."

பிரென்டன் சாவியைச் செத்த எலியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு சஸ்கியாவைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் தேன்குரல் வந்தது.

"நோலீன், இது பெரிய இறக்கம். நீங்க எங்க சமநிலை மேனேஜர். நல்லா யோசிச்சீங்களா? மணிக்கணக்கு ஆளா இருந்தா நீங்க செய்ற ஒவ்வொரு மணி வேலையையும் நாங்க எண்ணணுமே."

"ஆமா," என்றாள் நோலீன்.

சஸ்கியா, "ஆனா அது உங்களுக்கு நியாயமாப் படுதா?" என்று கேட்டார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். எங்கள் ஊரில் ஆகஸ்டு குளிர்காலம், வழியெல்லாம் பனி. நோலீன் அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஏழு மணிக்கு அவள் பெயரைக் கூப்பிட்டு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது, எலும்பு எலும்போடு உரசிக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை நாள் எப்படித்தான் நின்றாரோ என்றார். நான் வெளியே போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் அவளை இரண்டடி நடக்க வைத்தார்கள். சத்தமே இல்லை. அவளே குனிந்து முழங்காலைச் சந்தேகமாகப் பார்த்தாள். திரும்பப் படுக்கையில் உட்கார வைத்த நேரத்தில் போன் அடித்தது. பிரென்டன். பின்னால் மணி அடிக்கிறது, குழந்தை கத்துகிறது, யாரோ, "இங்க பில் போட ஆளே இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

"நோலீன், லாரி சரக்கு இன்னும் வாசல்லயே கிடக்கு. ரெண்டு நாளா நான் உக்காரவே இல்ல. முதுகு போச்சு. நாட்குறிப்பு வேற எழுதச் சொல்றாங்க. சத்தியமா சொல்றேன், இது ஒரு மனுஷன் செய்ற வேலையே இல்ல."

"அப்படியா?" என்றாள் நோலீன்.

"நீங்க எப்ப திரும்பி வருவீங்க? அதையாவது சொல்லுங்க."

நோலீன் தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"ஷிப்ட் பட்டியலைப் போடுங்க பிரென்டன். பாத்துட்டுச் சொல்றேன்."